பூட்டி வைத்தால் குடி நிற்காது

ஞாயிறு திருப்பலி முடிந்து நாம் உடுப்பு மாற்றுவதற்கு முன்பே அறைவாசலில் வந்து நிற்கும் தாய்மார் பலர். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "சுவாமி, இவரை ஒருக்கால் கூப்பிட்டு வெருட்டி விடுங்கோ. நீங்கள் சொன்னால் கேட்பார்." நாமும் பல வருடங்கள் அப்படியே செய்து வந்தோம். கூப்பிட்டோம், ஏசினோம், பீடத்தின் முன் சத்தியம் வாங்கினோம். சத்தியம் செய்தவர்களில் சிலர் மூன்று நாள் நின்றார்கள், சிலர் ஒரு மாதம் நின்றார்கள். தவக்காலம் நாற்பது நாளும் ஒரு துளி தொடாமல் இருந்துவிட்டு, உயிர்ப்பு ஞாயிறு பின்னேரமே வேலியோரம் விழுந்து கிடந்தவரையும் கண்டிருக்கிறோம்.

நாம் செய்ததிலேயே பெரிய பிழை ஒன்றை இங்கு சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு, வன்னியில் மீளக்குடியேறிய கிராமம் ஒன்றில் பணிபுரிந்தோம். அங்கே ஒரு கமக்காரர் இருந்தார். இரண்டு ஏக்கர் வயலும் ஒரு சோடி எருதும் வைத்து வாழ்ந்தவர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஈற்றில் முகாமுக்குள் வந்தபோது எருதும் இல்லை, மூத்த மகனும் இல்லை. உழுது பழகிய கை முகாமில் சும்மா இருந்தது. அந்த நாட்களில்தான் கசிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பியபின் காலையில் ஒரு மிடறு இறக்காமல் மண்வெட்டி பிடிக்க முடியாத நிலை. மனைவியும் தமையனும் எம்மிடம் வந்தார்கள். மூவரும் கூடிப் பேசி, அவரைப் பங்கின் நெல் வைக்கும் அறையில் பூட்டி வைப்பதென்று முடிவெடுத்தோம். ஒரு கிழமை குடிக்காமல் இருந்தால் தானாக விட்டுவிடுவார் என்பது எமது எண்ணம்.

முதல் நாள் பின்னேரமே கை நடுங்கியது, வேர்வை ஓடியது. "குடி இறங்குகிறது" என்று நாம் திருப்திப்பட்டோம். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் மனைவியையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சுவரெல்லாம் பாம்பு ஊர்கிறதென்று கத்தினார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். அங்கிருந்த இளம் வைத்தியர் எம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் நீங்கள் இவருக்குக் கடைசிச் செபம்தான் சொல்லியிருக்க வேணும், ஃபாதர்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை.

அன்று அவர் விளங்கப்படுத்தியதை உங்களுக்கும் சொல்லுகிறோம். வருடக்கணக்காக நாள்தோறும் குடிப்பவரின் மூளை, மது இருப்பதையே வழமையாக எடுத்துக்கொண்டு அதற்கேற்ப வேலை செய்யப் பழகிவிடுகிறது. மதுவைத் திடீரென்று நிறுத்தினால் அது கட்டுக்கடங்காமல் துடிக்கிறது. கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணித்தியாலத்தில் நடுக்கம் தொடங்கும். அடுத்த இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களில் காய்ச்சலும் புலம்பலும் இல்லாததைக் காண்பதுமாகச் சித்தம் கலங்கலாம். இந்தக் கடைசி நிலையில் மருந்தில்லாவிட்டால் உயிரே போகக்கூடும். குடிக்கிற எல்லாருக்கும் இது வருவதில்லை. நடுக்கம் தீர்வதற்காகக் காலையிலேயே குடிப்பவர், முன்னர் ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், சாப்பாடு குறைந்து உடல் வற்றியவர் ஆகியோர் வீட்டில் வைத்துத் தாமாக நிறுத்தக்கூடாது. இவர்கள் வைத்தியசாலை விடுதியில் தங்கித்தான் நிறுத்த வேண்டும். அங்கே நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் குளிசைகளைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். விற்றமின் பி1 ஊசியும் போடுவார்கள். நெடுநாள் குடிகாரரின் உடலில் அந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் போனால் ஞாபகசக்தி நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். பொதுவாக ஒரு கிழமையளவில் உடல் தெளிந்துவிடும்.

இதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. 2004 கடல்கோளுக்குப் பின்னர், 2005இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கையின்படி, மனநல வைத்தியம் பெரிய ஆஸ்பத்திரிகளை விட்டு மாவட்டங்களுக்கும் வந்தது. அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் இல்லை. கிட்டிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். "மனநலம்" என்ற சொல்லைக் கேட்டதும் எமது சனம் பின்வாங்குவது எமக்குத் தெரியும். "என்ரை மனுசன் விசரனோ சுவாமி?" என்று முகத்துக்கு நேரே கேட்ட தாயும் உண்டு. விசர் அல்ல, வருத்தம் என்று அவருக்கு விளங்க வைக்க எமக்கு இரண்டு மாதம் சென்றது. போகும்போது வீட்டில் ஒருவர் கூடப் போக வேண்டும். எவ்வளவு குடிக்கிறார் என்பதை வைத்தியரிடம் குறைத்துச் சொல்லாதீர்கள். மருந்தின் அளவு அதில்தான் தங்கியிருக்கிறது.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதும் முக்கியம். விதைப்பு நேரத்தில் எந்தக் கமக்காரனும் வாட்டில் படுக்க வரமாட்டான். அறுவடை முடிந்து காசு கைக்கு வந்தபின் கூப்பிட்டாலும் வரமாட்டான். காலபோகப் பயிருக்கு இரண்டாம் பசளை போட்டு முடிந்து, வெட்டுக்கு இன்னும் நாள் இருக்கும்போது கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியானால் நெற்காசு வரும் நேரத்தில் அவர் ஒரு மாதமாவது தெளிந்திருப்பார். அந்தக் காசும் மனைவியின் பேரில் வங்கிக்குப் போகுமானால் மெத்த நல்லது. இது எந்த வைத்தியப் புத்தகத்திலும் இல்லாத ஆலோசனை. வயல்வரம்பில் நின்று கற்றுக்கொண்டோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கணவனுக்குத் தெரியாமல் சோற்றிலோ கறியிலோ கலக்கச் சொல்லிச் சிலர் தூள் விற்கிறார்கள். டைசல்பிராம் என்ற மருந்து ஒன்று உண்டு. அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, சத்தியெடுத்து, நெஞ்சு படபடக்கும். இரத்த அழுத்தம் விழுந்து இறக்கவும் கூடும். வைத்தியரின் கண்காணிப்பில், குடிப்பவர் தானே விரும்பி எடுக்க வேண்டிய மருந்து அது. களவாகக் கொடுத்தால் குடியைவிட முந்தி மருந்தே ஆளைக் கொல்லலாம். பேர் தெரியாத தூளில் என்ன இருக்கிறதென்று விற்பவனுக்கே தெரியாது.

இப்போது எமது பெடியளைப் பிடித்திருப்பது வேறு சாமான். குளிசை, ஹெரோயின், ஐஸ். பொலிசுக்குப் பயந்து தாய்தகப்பன் மறைக்கிறார்கள். மறைக்கிற ஒவ்வொரு மாதமும் கடன் ஏறுகிறது, நகை போகிறது. 1984இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையுடன் 1927 என்ற இலக்கத்தில் பேசலாம். அதன் தங்குமிட நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி போன்ற தூர இடங்களில் இருப்பது எமக்கு ஒரு குறை. ஆகவே முதலில் உள்ளூர் மனநலக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். ஒரு எச்சரிக்கை: சில கிழமைகள் ஹெரோயின் எடுக்காமல் இருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. மறியலால் அல்லது நிலையத்தால் திரும்பி வந்த பெடியன் முன்னைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்று போகலாம். திரும்பி வந்த முதல் கிழமைகளில் அவனைத் தனியே விடாதீர்கள்.

மனம் நொந்து பேச ஆளில்லாவிட்டால் 1926. வலிப்பு, மயக்கம், அல்லது கசிப்புக் குடித்தபின் பார்வை மங்கல் என்றால் 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கேளுங்கள். அதற்கும் பணமில்லை. வீட்டில் அடி விழுந்தால் 1938. குடித்தவர் திருந்தும்வரை அடியைப் பொறுத்துக்கொண்டு இருக்கும்படி நாம் எந்தப் பெண்ணுக்கும் சொல்லமாட்டோம். முன்னர் சில குருமார் சொன்னார்கள். அது பிழை.

வைத்தியசாலையால் வந்தபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு பங்கு வியாபாரியும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும் சந்தித்தார்கள். இருவரும் குடியில் வீழ்ந்தவர்கள். ஒருவர் கதையை மற்றவர் கேட்டதால் குடிக்காமல் இருக்க முடிந்ததை அவர்கள் கண்டார்கள். அப்படித்தான் மது அடிமைகளின் தோழமைச் சங்கம் பிறந்தது. எமது கிராமத்தில் ஐந்து பேர் வியாழன் பின்னேரங்களில் வாசிகசாலைத் திண்ணையில் கூடினார்கள். தேத்தண்ணீர் மட்டும்தான் செலவு. நாம் அங்கே பிரசங்கம் வைப்பதில்லை. ஒருநாள் வைக்கப் பார்த்தோம். அடுத்த கிழமை இரண்டு பேர்தான் வந்தார்கள்.

திரும்ப வழுக்கி விழுவோரும் உண்டு. வன்னியில் மலேரியா இருந்த காலத்தில் ஒருவருக்கு இரண்டாந்தரம் காய்ச்சல் வந்தால் அவரை நாம் ஏசவில்லை, மறுபடி மருந்துக்குத்தான் கொண்டுபோனோம். நெல் அறையில் நாம் பூட்டி வைத்த அந்தக் கமக்காரரும் இரண்டு தடவை விழுந்தார். இரண்டாம் தடவை அவரே கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். எம்முடன் கொஞ்சக் காலம் கதைக்கவில்லை. அதில் நியாயமும் இருந்தது. பிறகொரு நாள் கிளினிக் வாசலில் அவரைக் கண்டோம். பக்கத்துக் கிராமத்துப் பெடியன் ஒருவனைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்திருந்தார். பெடியனின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "பயப்பிடாதை தம்பி, இது நாலு நாளிலை அடங்கும். நான் கூட இருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே துண்டெடுக்க வரிசையில் நின்றார்.