சிற்பத்துக்குக் கீழே நான்கு வரி

காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் உட்சுற்றில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாக ஓடுகிறது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எடுப்பித்த கோயில் இது. பரமேசுவர விண்ணகரம் என்பது பழைய பெயர். அந்தச் சிற்பங்கள் சொல்லும் கதையில், வாரிசு இல்லாமல் அரசன் இறந்துபோகிறான். அமைச்சர்களும் கடிகை என்ற கல்விக்கூடத்தைச் சேர்ந்தவர்களும் இரணியவர்மனிடம் போய், நாட்டை ஆள ஒரு பிள்ளையைத் தரும்படி கேட்கிறார்கள். மூத்த பிள்ளைகள் மறுத்துவிட, பன்னிரண்டு வயது இளையவன் ‘நான் போகிறேன்’ என்று முன்வருகிறான். பல்லவமல்லன் என்ற அந்தப் பையன்தான் பின்னாளில் நந்திவர்மன். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் சிற்பங்களோடு சேர்த்துக் கல்லில் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கிறது. இந்தச் சிற்பங்களை ஆராய்ந்து சி. மீனாட்சி ஆங்கிலத்தில் எழுதிய நூலை, அவர் காலமான பிறகு, 1941இல் தொல்லியல் துறை வெளியிட்டது. காட்சிப்பொருளுக்கு அருகே விளக்கம் எழுதிவைப்பதை இன்று அருங்காட்சியகங்களின் வேலை என்கிறோம். காஞ்சிபுரத்தில் அது ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் முந்தைய வழக்கம்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அந்தச் சுவரின் முன் நின்றால், அதற்கும் பல்லவமல்லனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அண்ணன்மார் மறுத்த பொறுப்பை ஒரு சிறுவன் ஏன் ஏற்றான் என்ற கேள்வி, கட்டுரை நோட்டில் வரும் ‘எனது பொழுதுபோக்கு’ என்ற தலைப்பைவிட அந்தப் பிள்ளைக்குப் பேச நிறையக் கொடுக்கும். காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வகுப்பறையைவிடக் காட்சிப்பொருளின் முன்னிலையே பொருத்தமான இடம் என்பது என் வாதம். அங்கே போய் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் அட்டையை அவர்கள் வாசித்துவிட்டு வந்தால் போதாது. அட்டையை எழுதுகிறவர்களாக அவர்களே இருக்க வேண்டும்.

வகுப்பறையில் என்ன குறை என்று கேட்கலாம். 2023ஆம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வு, நாட்டின் 28 ஊரக மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களைச் சோதித்தது. ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அப்படி வாசித்தவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர்கள் முக்கால்வாசிப் பேர்தான். மற்றவர்கள் வரியைத் தடங்கலில்லாமல் உச்சரிக்கிறார்கள், அது என்ன சொல்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டாம் எண்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளையின் குறை வெளியே தெரியும், யாராவது கவனிப்பார்கள். பொருள் புரியாமல் வாசிக்கும் பிள்ளை மதிப்பெண் வாங்கிக்கொண்டே மேல்வகுப்புக்குப் போய்விடும். சொல்லை முதலில் கொடுத்துவிட்டுப் பொருளைப் பிறகு தேடவிடும் முறையின் விளைவு இது. கண்ணெதிரே பொருள் இருந்தால் வரிசை மாறிவிடுகிறது. யாளி எதிரே நிற்கிறது, அதன் தும்பிக்கையும் நகமும் தெரிகின்றன, அவற்றைச் சொல்லத்தான் சொல் வேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புகளில் பாடல், பொம்மை, செயல்பாடு வழியாகவே ஆங்கிலத்தையும் சொல்லித் தருகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் அந்தப் பொருள்களெல்லாம் காணாமல்போய், புத்தகமும் வினா வங்கியும் மட்டும் மிஞ்சுகின்றன.

பொருளும் பார்வையாளரும் இருந்தால் மொழி தானே வரும் என்பதற்கு மாமல்லபுரத்தைக் காட்டுவார்கள். அங்கே பாசிமணியும் கற்சிலையும் விற்பவர்கள், பள்ளியில் படிக்காத மொழிகளில்கூட வெளிநாட்டுக்காரர்களிடம் விலை பேசுகிறார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. விலை, நிறம், ‘நல்ல கல்’, ‘கடைசி விலை’ என்ற வட்டத்தைத் தாண்டி அந்த மொழி வளர்வதில்லை. வளர்க்க அங்கே யாரும் இல்லை. கேட்கிறவர் ஒருவர் வேண்டும். என்ன கேட்பது என்பதிலும் ஒரு முறை வேண்டும்.

அந்த முறையை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பொறுப்பில் இருந்த பிலிப் யெனவைனும், உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கினார்கள். மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்டுபிடிக்கலாம்? ஆசிரியர் சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்வதில்லை. பிள்ளை சொன்னதைச் சற்றுத் திருத்தமான சொற்களில் திருப்பிச் சொல்கிறார். ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு இரண்டாம் கேள்விதான் புதையல். அதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. காரணம் காட்டும் வாக்கியம் அமைத்தே ஆகவேண்டும். அறிஞர் அண்ணா பிறந்த ஊர் இது. ‘பிகாஸ்’ என்ற சொல்லை மூன்று முறை அடுக்கி அவர் சொன்னதாக உலவும் வாக்கியம் தமிழ்நாட்டில் பலருக்கு மனப்பாடம். அந்தச் சொல்லை ஒரே ஒரு முறை வைத்துச் சொந்தமாக வாக்கியம் அமைக்கத்தான் தடுமாறுகிறோம்.

அருங்காட்சியகம் பிள்ளைகளுக்கு உண்மையில் ஏதாவது செய்கிறதா என்பதை அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். 2011இல் அங்கே கிறிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறந்தபோது, மாணவர்களை அழைத்துவர இடம் கேட்டு ஏராளமான பள்ளிகள் விண்ணப்பித்தன. குலுக்கல் முறையில் சில பள்ளிகள் முன்னே போயின, சில காத்திருந்தன. 123 பள்ளிகளின் ஏறத்தாழ 11,000 மாணவர்களை இப்படி ஒப்பிட்டார்கள். போய்வந்த பிள்ளைகள், வாரங்கள் கழித்தும், ஓவியங்களைப் பற்றிக் கேட்ட செய்திகளை நினைவில் வைத்திருந்தார்கள். இதுவரை பார்த்திராத ஓர் ஓவியத்தைக் கொடுத்து எழுதச் சொன்னபோது, பார்த்ததையும் ஊகித்ததையும் கோத்து எழுதுவதில் மற்றவர்களைவிட முன்னே நின்றார்கள். அந்த முன்னேற்றம் கிராமத்துப் பள்ளிகளிலும் ஏழைப் பிள்ளைகளிடமும்தான் கூடுதலாக இருந்தது. இந்த ஆய்வைப் பெரிதுபடுத்தக் கூடாது. அது சிந்தனையை அளந்தது, மொழியை அல்ல. சராசரி முன்னேற்றமும் சிறியதுதான். ஆனாலும் அரை நாள் பயணம் ஒன்று எழுத்தில் தடம் பதித்திருக்கிறது என்றால், வாரந்தோறும் நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள் உள்ள ஊரில் என்னென்ன செய்யலாம் என்று கணக்குப்போடத் தோன்றுகிறது.

காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1851இல் தொடங்கி இன்று எழும்பூரில் இயங்கிவரும் பெரிய அருங்காட்சியகத்தோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஊரோ அதைவிடப் பெரிய காட்சிக்கூடம். இராசசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயில், தீர்த்தங்கரர்களின் கதையைக் கூரையில் வண்ண ஓவியங்களாகத் தீட்டிவைத்திருக்கும் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில், அண்ணா வாழ்ந்த வீடு என்று நீளும் வரிசை. இவற்றையெல்லாம் விட ஆங்கில வகுப்புக்கு ஏற்ற காட்சிப்பொருள் தறி என்பேன். சிற்பத்தைப் பற்றிப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தெரியும். தறியைப் பற்றி நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரைவிட அதிகம் தெரியும். கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம், இருபுறமும் கரை வேறு நிறம். ஊடை என்ற குறுக்கு நூலைக் கொண்ட ஒரே நாடாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினால் இது வராது. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என்று மூன்று வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடி விட்டால் கரை தனியே வந்துவிடும். நெசவாளர் ஒருவரால் மூன்று நாடாவையும் கையாள முடியாது என்பதால் பக்கத்தில் ஓர் உதவியாள் உட்கார வேண்டும். முந்தியின் நிறமும் மாறவேண்டுமென்றால் நெடுக்கு நூலான பாவையே இழை இழையாக மாற்றிப் பிணைக்க வேண்டும், அதுதான் பெட்னி.

இதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பிள்ளைக்கு என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். முதலில், பிறகு, அதற்குள் என்ற வரிசைச் சொற்கள். ‘அப்படிச் செய்யாவிட்டால்’ என்ற நிபந்தனை வாக்கியம். ‘இரண்டு பேர் வேண்டும், ஏனென்றால்’ என்ற காரண வாக்கியம். நெய்யப்படுகிறது, பிணைக்கப்படுகிறது என்ற செயப்பாட்டு வினை. எட்டாம் வகுப்பு இலக்கணப் பாடத்தில் பெரும்பகுதி ஒரே சேலையில் அடங்கிவிட்டது. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகைக்குப் பேர்போன ஊர் சூரத், காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற செய்திகளைச் சேர்த்தால் வரலாறும் புவியியலும் கூட வரும். இவ்வளவையும் நான்கு வரி அட்டையில் அடக்கு என்று சொன்னால்தான் உண்மையான மொழிப் பயிற்சி தொடங்குகிறது. எதை விடுவது, எதை முதலில் சொல்வது, சேலையையே பார்த்திராத ஒருவருக்கு எந்தச் சொல் புரியாது என்று யோசிக்க வேண்டும். மனப்பாடக் கட்டுரையில் இந்த யோசனைக்கே இடமில்லை. பக்கத்தை நிரப்பினால் போதும்.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், எழவும் வேண்டும். தறியிலிருந்து பிள்ளை வெளியேறட்டும் என்றுதான் பெற்றோர் ஆங்கிலத்தை நாடுகிறார்கள்; நீங்கள் ஆங்கிலத்தைச் சொல்லியே மறுபடி தறிக்கு அழைத்துப்போகிறீர்களே என்று கேட்பார்கள். உதவியாள் இருக்கை என்று மேலே சொன்னேனே, நெடுங்காலம் அதில் உட்கார்ந்தவர்களில் ஏராளமானோர் சிறுவர் சிறுமியர். முன்பணக் கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளைத் தறியில் உட்காரவைத்த கொடுமையை ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் சேர்த்தே பதிவுசெய்தது. ஆகவே இந்த முறையில் ஒரு கட்டுப்பாடு மீற முடியாதது: பிள்ளை தறியின் எதிரே நிற்கலாம், தறியில் உட்காரக் கூடாது. ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில்கூட வேண்டாம். எதிரே நின்று கேள்வி கேட்டு எழுதுகிற பிள்ளை அந்தத் தொழிலை வெளியிலிருந்து பார்க்கிறது. கூலி எவ்வளவு, ஒரு சேலைக்கு எத்தனை நாள், லாபம் யாருக்கு என்பதும் அட்டையில் வரலாம், வரவேண்டும். தறியை விட்டுப் போகிறவருக்கும் அதைப் பற்றிப் பேசத் தெரிந்திருப்பது நட்டமில்லை. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்று காட்சிக்கு நிற்கிறது. அயல்நாட்டார் வந்து பார்க்கிறார்கள். அந்த வீட்டைப் பற்றிப் பேசும் தகுதி முதலில் யாருக்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தமிழ் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. தாய்மொழியில் தொடங்குவதே பிள்ளைக்கு நல்லது என்று யுனெஸ்கோ 1953இலேயே சொல்லிவிட்டது. நான் அதை மறுக்கவில்லை. பொருளின் முன் முதல் பேச்சு தமிழில்தான் நடக்க வேண்டும். தாத்தாவிடம் கேட்டறிவதும் தமிழில்தான். சொல்ல வேண்டியது திரண்ட பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதட்டும், தமிழ் அட்டையையும் பக்கத்தில் வைக்கட்டும். 1968இல் அண்ணாவின் அரசு தமிழும் ஆங்கிலமும் என்று தீர்மானித்த இருமொழிக் கொள்கையை ஒரே அட்டையில் பார்த்ததுபோல இருக்கும். கோயிலுக்கு எல்லாப் பிள்ளைகளும் எப்படி வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு: கைலாசநாதரும் வைகுண்டப் பெருமாளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள், அங்கே நாம் போவது வரலாறு படிக்க. அப்படியும் விருப்பமில்லாதவர்களுக்குத் தறி இருக்கிறது, அண்ணா வீடு இருக்கிறது.

ஆசிரியர்களுக்கே ஆங்கிலம் சரளமாக வராதே என்ற மறுப்பு அவர்கள்மீது கொஞ்சம் அநியாயமானது. மேடைப் பேச்சுக்குச் சரளம் வேண்டும்; நான்கு வரியைத் திருத்த அகராதியும் பொறுமையும் போதும். தேர்வு என்ற சுவர்தான் நிஜமானது. அட்டை எழுதியதற்கு மதிப்பெண் இல்லை என்றால் எந்தப் பள்ளியும் இரண்டாம் முறை வெளியே அழைத்துப்போகாது. எனவே பள்ளிக்கல்வித் துறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளின் ஆங்கில வளரறி மதிப்பீட்டில், பருவத்துக்கு ஒரு விளக்க அட்டையைக் கணக்கில் சேர்க்கட்டும். அருங்காட்சியகத் துறை, காஞ்சிபுரம் அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு சுவரை ஒதுக்கித் தேர்ந்தெடுத்த அட்டைகளை, எழுதிய பிள்ளையின் வகுப்பையும் பள்ளியையும் குறிப்பிட்டு, மூன்று மாதம் வைக்கட்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மாதத்தில் ஒரு நாள் தறிக்கூடத்தைத் திறந்துவைத்து, கேள்விக்குப் பதில் சொல்லும் நெசவாளருக்கு அன்றைய கூலியையும் கொடுக்கட்டும். கூலி இல்லாமல் அவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க நமக்கு உரிமையில்லை.