சுத்தியலை ஓங்கிய அண்ணன்!

வடுகபட்டி என்றதும் பூண்டுச் சந்தைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு அங்கே மூட்டை மூட்டையாக விலைபோகும். எனக்கோ, அண்ணனின் பழைய மருந்து தெளிப்பான்!

மாம்பூவில் தத்துப்பூச்சி, உடனே மருந்தடிக்காவிட்டால் பிஞ்சு தங்காது. என்ஜினிலோ பொறி வரவில்லை. ஃப்ளைவீலைக் கழற்றினால்தான் உள்ளே 'பாயிண்ட்'டைப் பார்க்கலாம். நட்டு சுலபமாக வந்தது. கூம்புத் தண்டில் இறுகிக் கிடந்த சக்கரம் அசையவில்லை. அண்ணன் சுத்தியலை ஓங்கினார்.

"ஐயோ, தண்டு வளைஞ்சா மெஷினே போச்சுங்க!" அண்ணி தடுத்துவிட்டாள்.

பட்டறைக்காரர் கொண்டுவந்தது உள்ளங்கையில் அடங்கும் புல்லர். அதைச் சக்கரத்தின் மரையில் பூட்டி, நடு போல்ட்டை ஸ்பானரால் திருகினார். போல்ட் தண்டை அழுத்த அழுத்த... 'டக்'! சக்கரம் கையோடு வந்துவிட்டது. பாயிண்டில் வெறும் எண்ணெய்ப் பிசுக்கு! துடைத்ததும் பொறி பறந்தது.

சுத்தியலா? அண்ணி பூண்டு நசுக்க எடுத்துப் போய்விட்டாள்.