தேன் கேக்கும் நான் போடாமல் விட்ட கணக்கும்

போன மாதம் அப்பாவின் பிறந்தநாளுக்கு நானே கேக் செய்தேன். அவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். அதனால் ஒரு கப் சீனி போடவேண்டிய இடத்தில் முக்கால் கப் தேன். "சாப்பிடுங்கப்பா, சீனியே போடலை" என்று பெருமையாக இரண்டு துண்டு கொடுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டர் 268 காட்டியது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன்.

முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கை அன்றிரவுதான் போட்டேன்.

ஒரு கப் சீனி 200 கிராம். ஒரு கப் தேன் சுமார் 340 கிராம், அப்படின்னா முக்கால் கப் 255 கிராம். தேனில் ஏறக்குறைய 17 சதவீதம் தண்ணீர், 82 சதவீதம் சர்க்கரைகள். 255-இல் 82 சதவீதம் எவ்வளவு? 209 கிராம்! நான் எதையும் குறைக்கவே இல்லை. கப்பில் மட்டும்தான் குறைந்திருக்கிறது. மைதா தனிக்கணக்கு.

"தேன் இயற்கையானதாச்சே" என்று கேட்கலாம். சீனி என்பது குளுக்கோஸும் பிரக்டோஸும் கைகோத்த ஜோடி. நம் குடல் அதைப் பிரித்துத்தான் உறிஞ்சுகிறது. தேனில் அந்த வேலையைத் தேனீயின் நொதி முன்கூட்டியே முடித்துவிடுகிறது, அவ்வளவுதான். தேனில் பிரக்டோஸ் சற்று அதிகம் என்பதால் சிறு வித்தியாசம் வரலாம். ஆனால் இரண்டு துண்டு கேக்கில் அது அப்பாவைக் காப்பாற்றாது.

அப்புறம் எதற்குத் தேன்? மணத்துக்கும் ஈரப்பதத்துக்கும்தான். பிரக்டோஸ் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் மறுநாளும் கேக் வறளாது. ஆனால் சீனியை எடுத்துவிட்டுத் தேனை ஊற்றினால் மட்டும் போதாது. சில திருத்தங்கள் வேண்டும்:

1. முக்கால் கப் தேனோடு 40 கிராமுக்கு மேல் தண்ணீரும் வந்துவிடுகிறது. பால் அல்லது தண்ணீரில் சுமார் மூன்று டேபிள்ஸ்பூன் குறையுங்கள்.

2. தேன் அமிலத்தன்மை உள்ளது. அதைச் சமன்செய்ய கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா சேருங்கள்.

3. பிரக்டோஸ் சீக்கிரம் சிவக்கும். ஓவன் சூட்டை 15 டிகிரி செல்சியஸ் குறைக்காவிட்டால் மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும். என் முதல் கேக் அப்படித்தான் குப்பைக்குப் போனது.

4. வெண்ணெயோடு சீனியை அடிக்கும்போது அதன் படிகங்கள்தான் காற்றை உள்ளே புகுத்துகின்றன. தேனில் அந்தப் படிகம் இல்லை. கேக் கொஞ்சம் கனமாகத்தான் வரும், முட்டையை நன்றாக அடித்து ஓரளவு ஈடுகட்டலாம்.

மைசூர்பாகில் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம். அது இறுகுவதே கம்பிப் பதத்தில் காய்ச்சிய பாகு ஆறும்போது சீனி மறுபடி படிகமாவதால்தான். தேனின் சர்க்கரைகள் அதைத் தடுத்துவிடும்.

கடைசியாக, இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. அன்று தங்கையின் எட்டு மாதக் குழந்தைக்கும் ஒரு துணுக்கு ஊட்டப் போனோம். நல்லவேளை, தங்கை தடுத்துவிட்டாள். தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா, விதைபோல உறங்கும் நிலையில் இருக்கக்கூடும். நம் குடலில் அது பொதுவாக முளைக்காது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையின் குடலில் முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். ஓவனில் 170 டிகிரி வைத்தாலும் கேக்கின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டுக்கு அது சாகாது. பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கமும் இதனாலேயே வேண்டாம்.

இப்போதும் தேன் கேக் செய்கிறேன். அப்பாவுக்கு ஒரு சின்னத் துண்டு உண்டு. அன்றைக்கு ராத்திரி அவருக்கு இரண்டு இட்லி குறைவு. "சீனியே போடலை" என்ற வசனத்தை மட்டும் நிறுத்திவிட்டேன்.