சேவைக்குச் சட்டம், குறைக்குக் கருணை: சித்தூர், திருப்பதி மனு நாள்கள் உணர்த்துவது என்ன?

புது தில்லி: 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி காலை, ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியை ஏற்றிக்கொண்டு ஹைதராபாதிலிருந்து புறப்பட்ட ஹெலிகாப்டர் சித்தூர் மாவட்டத்தைச் சென்றடையவில்லை. நல்லமலைக் காட்டில் அது நொறுங்கி விழுந்ததில் முதல்வர் உள்பட ஐவர் உயிரிழந்தனர். அன்று அவர் சித்தூருக்குப் புறப்பட்டது கட்சிக் கூட்டத்துக்காகவோ, அடிக்கல் நாட்டு விழாவுக்காகவோ அல்ல. அரசின் திட்டங்கள் உரியவர்களைச் சென்றடைகின்றனவா என்பதைக் கிராம மக்களிடமே நேரில் கேட்டறியும் "ரச்சபண்டா" நிகழ்ச்சியைத் தொடங்கிவைக்கவே சென்றார்.

ஊர் நடுவே மக்கள் கூடிப் பேசும் மரத்தடி மேடைக்குத் தெலுங்கில் ரச்சபண்டா என்று பெயர். ஆட்சியர் முதல் கிராம ஊழியர் வரை அத்தனை அடுக்கு நிர்வாகம் இருந்தும், முதல்வரே மரத்தடிக்குச் சென்று விசாரிக்க வேண்டிய நிலை ஏன் ஏற்பட்டது? சித்தூர், திருப்பதி ஆட்சியர் அலுவலகங்களில் திங்கள்கிழமைதோறும் கூடும் மனுதாரர்களின் வரிசை அந்தக் கேள்வியை இன்றும் எழுப்பிக்கொண்டிருக்கிறது.

பெயர் மாறியது, வரிசை மாறவில்லை: கடந்த முப்பது ஆண்டுகளில் ஆந்திரத்தை ஆண்ட ஒவ்வோர் அரசும் மக்களின் வாசலுக்கே நிர்வாகத்தைக் கொண்டுசெல்வதாகக் கூறி ஒரு புதிய பெயரைச் சூட்டியது. சந்திரபாபு நாயுடு 1997-இல் "ஜன்மபூமி" திட்டத்தைத் தொடங்கினார். அதிகாரிகளைக் கிராம சபைக்கு வரவழைத்து, மக்களின் உழைப்பையும் பங்களிப்பையும் சேர்த்து ஊர்ப் பணிகளை மேற்கொள்வது அதன் நோக்கம். ராஜசேகர ரெட்டியால் தொடங்கிவைக்க முடியாமற்போன ரச்சபண்டாவை 2011-இல் கிரண்குமார் ரெட்டி அரசு நடத்தியது. 2019 ஜூலையில் ஜெகன்மோகன் ரெட்டி அரசு திங்கள்கிழமை மனு நாளுக்கு "ஸ்பந்தனா" எனப் பெயரிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி கிராம, வார்டு செயலகங்களும் தொடங்கப்பட்டன. 2024-இல் நாயுடு மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் மனு நாள் "பொதுமக்கள் குறைதீர்ப்பு முறை" என்றாயிற்று. 2025 ஜனவரியில், வாட்ஸ்ஆப் வழியாக 161 சேவைகளை வழங்கும் "மன மித்ரா" வந்தது.

இவர்களில் நாயுடுவும் கிரண்குமார் ரெட்டியும் பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். முதல்வர்களைத் தந்த மாவட்டத்திலும் மனு நாளின் வரிசை குறையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இத்தனை பெயர் மாற்றங்களுக்கு இடையிலும் மாறாமல் நின்றவை இரண்டு. ஒன்று திங்கள்கிழமை, மற்றொன்று மனுவைப் பெற்றுக்கொள்ளும் மாவட்ட ஆட்சியர்.

பிரிந்த மாவட்டம்: வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி உருவாக்கப்பட்டது சித்தூர் மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 41.74 லட்சம். 66 மண்டலங்களையும் ஓர் ஆட்சியரே கவனித்து வந்தார். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் குப்பத்திலிருந்து சித்தூருக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஒரு மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்கு விவசாயக் கூலி ஒருவர் தமது ஒரு நாள் வருமானத்தை இழந்தாக வேண்டும்.

2022 ஏப்ரல் 4-ஆம் தேதி ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆக்கப்பட்டபோது, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளி பகுதி அன்னமய்யா மாவட்டத்துக்குச் சென்றது. பக்தர்கள் தங்குவதற்காகத் தேவஸ்தானம் திருச்சானூரில் கட்டிய பத்மாவதி நிலையத்தில் புதிய ஆட்சியர் அலுவலகம் தொடங்கப்பட்டது. அலுவலகம் அருகில் வந்தது உண்மை. ஆனால், அருகில் வந்த அலுவலகம் பதில் சொல்லக் கடமைப்பட்டதா என்பதே மனுதாரரின் கேள்வி.

திருப்பதியில் பிறந்த மீ சேவா: இந்தக் கேள்விக்குப் பாதி விடை 2011 நவம்பர் 4-ஆம் தேதி திருப்பதியில் கிடைத்தது. "உங்கள் சேவையில்" என்ற பொருள்படும் "மீ சேவா" திட்டத்தை அன்று கிரண்குமார் ரெட்டி அங்கே தொடங்கிவைத்தார். வருவாய்த் துறை, பதிவுத் துறை ஆவணங்கள் கணினியில் ஏற்றப்பட்டு, அதிகாரியின் மின்னணுக் கையெழுத்துடன் சான்றிதழ்கள் சேவை மையத்திலேயே அச்சிட்டு வழங்கப்பட்டன. வில்லங்கச் சான்றுக்கும் நில அடங்கலுக்கும் அலுவலக மேஜைகளைச் சுற்றிவந்த நிலை பெருமளவு குறைந்தது. இடைத்தரகருக்கும் வேலை குறைந்தது.

ஆனால் இம்முறை எதைத் தீர்க்கிறது, எதைத் தீர்க்கவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் சரியாக இருக்கும் விவரத்தைக் கணினி நொடியில் எடுத்துத் தரும். பதிவேட்டிலேயே பிழை இருந்தால் அந்தப் பிழையையும் அதே வேகத்தில் அச்சிட்டுத் தரும். தந்தையின் பெயரில் இருக்கும் நிலம் வேறொருவர் பெயருக்கு மாறியிருந்தாலோ, பட்டா நிலம் விற்பனைக்குத் தடை செய்யப்பட்ட நிலங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டாலோ சேவை மையத்தால் செய்யக்கூடியது எதுவுமில்லை. அதை ஓர் அதிகாரி விசாரித்து, தீர்மானித்து, கையெழுத்திட வேண்டும். முன்னது சேவை, பின்னது குறை. மனு நாளில் ஆட்சியர் முன் வருவது பெரும்பாலும் பின்னதுதான்.

மதனப்பள்ளியில் பற்றிய தீ: இத்தகைய குறைகள் எவ்வளவு நலிந்த இழையில் தொங்குகின்றன என்பதை 2024 ஜூலை 21-ஆம் தேதி இரவு மதனப்பள்ளி சார் ஆட்சியர் அலுவலகத்தில் ஏற்பட்ட தீ காட்டியது. நிலம் தொடர்பான கோப்புகள் அதில் எரிந்துபோயின. மாநிலக் காவல்துறைத் தலைவரையே முதல்வர் அங்கு அனுப்பினார். சதி இருக்கலாம் என்ற சந்தேகத்தில் விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. தொடர்ந்து அப்பகுதி மக்களிடம் வருவாய்த் துறை உயரதிகாரிகள் நிலக் குறைகள் குறித்த மனுக்களை வாங்கினர். தீ பற்றிய பிறகு காட்டப்பட்ட அந்த அக்கறையை, தீக்கு முன்பே கேட்டுப் பெறும் உரிமை அந்த மனுதாரர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

நாடாளுமன்றம் தந்த வாக்கு: அந்த உரிமையை வழங்குவதாக நாடாளுமன்றம் ஒருமுறை வாக்களித்தது. லோக்பால் கோரி அண்ணா ஹசாரே ராம்லீலா மைதானத்தில் உண்ணாவிரதம் இருந்தபோது, 2011 ஆகஸ்ட் 27-ஆம் தேதி இரு அவைகளும் மூன்று கோரிக்கைகளைக் கொள்கையளவில் ஏற்றன. அவற்றுள் ஒன்று குடிமக்கள் சாசனம். அதற்கு முன்பே, 2009-இல் வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், சாசனத்தில் கூறியதை நிறைவேற்றத் தவறினால் என்ன நிவாரணம் என்பதும் அதிலேயே கூறப்பட வேண்டும் என வலியுறுத்தியிருந்தது.

திருப்பதியில் மீ சேவா தொடங்கிய அடுத்த மாதமே, டிசம்பர் 20-ஆம் தேதி, குறித்த காலத்தில் சேவை பெறுவதற்கும் குறைகளைத் தீர்த்துக்கொள்வதற்கும் குடிமக்களுக்கு உரிமை வழங்கும் மசோதா மக்களவையில் அறிமுகம் செய்யப்பட்டது. அறிமுகம் செய்தவர் புதுச்சேரியைச் சேர்ந்த அன்றைய மத்திய இணையமைச்சர் வி. நாராயணசாமி. புகாருக்கு இரண்டு நாளில் ஒப்புகை, 30 நாளில் தீர்வு, தீர்வில்லையெனில் மேல்முறையீடு, தவறு செய்த அதிகாரிக்கு ரூ. 50 ஆயிரம் வரை அபராதம், மத்தியிலும் மாநிலங்களிலும் குறைதீர்ப்பு ஆணையங்கள் ஆகியன அதன் சாரம்.

நிலைக்குழு மசோதாவை ஆராய்ந்து 2012-இல் அறிக்கை அளித்தது. மாநில ஊழியர்களை மத்தியச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவருவது கூட்டாட்சிக்குப் பொருந்துமா என்ற கேள்வியும் எழுந்தது. லோக்பால் மசோதா 2013 டிசம்பரில் நிறைவேறியது. குறைதீர்ப்பு மசோதாவோ 2014-இல் 15-ஆவது மக்களவை கலைக்கப்பட்டதும் காலாவதியானது.

சேவை வேறு, குறை வேறு: மத்தியப் பிரதேசம் 2010-இலும், பீகார் 2011-இலும் சேவை உரிமைச் சட்டங்களை இயற்றி வழிகாட்டின. ஆந்திரம் உள்பட வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. எனவே சட்டமே இல்லை என்று கூற முடியாது. ஆனால் இச்சட்டங்கள் பொதுவாக, அரசு பட்டியலிட்டு அறிவிக்கும் சேவைகளையே உறுதி செய்கின்றன. பட்டியலில் உள்ள சாதிச் சான்றிதழ் தாமதமானால் கேட்கலாம். தவறான நில அளவையால் எல்லை மாறிப்போனவர் எதைக் காட்டிக் கேட்பது? காலாவதியான மசோதா இந்த இடைவெளியைத்தான் நிரப்ப முயன்றது.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தகவல் தர 30 நாள் கெடுவும், தவறினால் நாளொன்றுக்கு ரூ. 250 வீதம் ரூ. 25 ஆயிரம் வரை அபராதமும் விதிக்கிறது. அதைக் கொண்டு, தமது மனு எந்த மேஜையில் கிடக்கிறது என்று மனுதாரர் அறிந்துகொள்ளலாம். மேஜையிலிருந்து அதை நகர்த்த அச்சட்டம் உதவாது.

வரிசையில் போன உயிர்கள்: பொறுப்பு எப்போது நிர்ணயிக்கப்படுகிறது என்பதற்கு அண்மைச் சான்று திருப்பதியிலேயே உண்டு. வைகுண்ட துவார தரிசனத்துக்கான டோக்கன் பெறக் கூடியிருந்தவர்களிடையே 2025 ஜனவரி 8-ஆம் தேதி இரவு ஏற்பட்ட நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் தமிழகத்திலிருந்து சென்றவரும் உண்டு. மறுநாளே அதிகாரிகள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். சிலர் இடம் மாற்றப்பட்டனர். நீதி விசாரணைக்கும் உத்தரவிடப்பட்டது. வரிசையை ஒழுங்குபடுத்துவது தேவஸ்தானத்தின் பணியா, காவல்துறையின் பணியா, மாவட்ட நிர்வாகத்தின் பணியா என்ற கேள்வி உயிர்கள் போன பிறகே எழுந்தது. யார் பொறுப்பு என்பது முன்கூட்டியே எழுதப்படாத இடத்தில், தண்டனை மட்டும் பின்னால் வருகிறது.

தமிழில் மனு: தமிழ் வாசகர்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ம.பொ.சிவஞானம் உள்ளிட்டோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1959-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. நகரி, சத்யவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, ஒரு மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தமது குறையை அதிகாரியிடம் முறையிட ஒவ்வொருவருக்கும் உரிமை அளிக்கிறது. ஒரு பகுதியின் மக்கள்தொகையில் 15 சதவீதத்தினர் பேசும் சிறுபான்மை மொழியில் முக்கிய அரசு அறிவிப்புகள் வெளியிடப்பட வேண்டும் என்பதும் ஏற்கப்பட்ட ஏற்பாடு. மனுவைத் தமிழில் வாங்கிக்கொண்டு, மேல்முறையீடு செய்யும் வழியைத் தெலுங்கில் மட்டும் தெரிவித்தால் அந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். எல்லைக்கு இப்பால், தமிழகத்தில் தெலுங்கு பேசும் மனுதாரருக்கும் இது பொருந்தும்.

எம்.பி.க்கள் செய்யக்கூடியது: இதற்கெல்லாம் ஆட்சியரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. வருவாய், சட்டம்-ஒழுங்கு, தேர்தல், பேரிடர், வளர்ச்சிப் பணி என அனைத்தும் அவர் தோளில் விழுகின்றன. ஒரு மாவட்டத்தைப் புரிந்துகொள்வதற்குள் மாற்றல் உத்தரவு வருவதும் உண்டு. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடர்ந்த வழக்கில் 2013 அக்டோபர் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையடுத்து, ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் ஒரு பதவியில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடிக்க வேண்டும் என 2014-இல் விதி வகுக்கப்பட்டது. அந்த விதியை மாநில அரசுகள் எவ்வாறு கடைப்பிடிக்கின்றன என்று அவையில் கேட்பது எம்.பி.க்களின் கடமை.

மாவட்டத்திலும் அவர்களுக்கு இடம் இருக்கிறது. 2016-இல் அமைக்கப்பட்ட "திஷா" என்னும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழுவுக்கு மக்களவை உறுப்பினர் தலைவர், ஆட்சியர் உறுப்பினர்-செயலர். காலாண்டுக்கு ஒருமுறை அக்குழு கூட வேண்டும். சித்தூர், திருப்பதி இரண்டுமே தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட மக்களவைத் தொகுதிகள். நிலமும் சான்றிதழும் வாழ்வாதாரமாக இருக்கும் மக்களின் பிரதிநிதிகள் அங்கே தலைமை வகிக்கிறார்கள். எத்தனை மனுக்கள் முடித்துவைக்கப்பட்டன என்ற கணக்கு அவர்கள் முன் வைக்கப்படும். அதைவிட முக்கியமானது, முடித்துவைக்கப்பட்ட குறைக்காகவே மீண்டும் வந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று எழுதி ஒரு மனுவை முடித்துவிடலாம்; மனுதாரரின் குறை அதனால் முடிந்துவிடுவதில்லை.

வாட்ஸ்ஆப்பில் சான்றிதழ் வரும் காலத்தில், ஒரு குறைக்கு எத்தனை நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் யார் பொறுப்பு என்பதை நாடு முழுவதற்கும் பொதுவான சட்டமாக எழுதுவது இயலாத காரியமல்ல. கூட்டாட்சி குறித்த ஐயத்தை மாநிலங்களுடன் பேசித் தீர்க்கலாம். நிலைக்குழு ஆராய்ந்த வரைவும் நாடாளுமன்ற ஆவணங்களில் இருக்கிறது. 2011 ஆகஸ்டில் தந்த வாக்கை அவை மீண்டும் எடுத்துக்கொள்ளாதவரை, திங்கள்கிழமை மனுதாரருக்குக் கிடைக்கும் நீதி, அந்த வாரம் மேஜைக்கு எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரியின் மனத்தைப் பொறுத்ததாகவே இருக்கும்.