கடல் கடந்து பறக்கக் கற்ற பிள்ளைகள்

தை மாதம் ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா நடைபெறுகிறது. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார். சுற்றுப்புறத்து ஜனங்கள் ஆற்று மணலில் திரள்கிறார்கள். அதற்குச் சில தினங்களுக்குப் பின் ஜனவரி 23-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் ஜன்ம தினம் வருகிறது. அன்று படத்துக்கு மாலையிட்டுக் கோஷமிடுவதுடன் நமது கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறோம். ஆனால் நேதாஜியின் சொல்லை நம்பி, பெற்றோரைப் பிரிந்து, ஜப்பானுக்குச் சென்று ராணுவக் கல்வி பயின்ற 45 வாலிபர்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மணலூர்பேட்டைக்கும் அந்த வாலிபர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். இன்று கள்ளக்குறிச்சி ஜில்லாவில் உள்ள இவ்வூர் முன்னர்த் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தென்னார்க்காடு, வடவார்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை முதலிய ஜில்லாக்களிலிருந்துதான் கங்காணிகள் ஏழைக் குடியானவர்களை மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். வயிற்றுப் பிழைப்புக்காகக் கப்பலேறிய அந்த ஜனங்களே, 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கியபோது, கையிலிருந்த காசையும் கழுத்திலிருந்த தாலியையும் கொடுத்து இந்திய தேசிய ராணுவத்தை வளர்த்தவர்கள். ஆகவே அந்த ராணுவத்தின் கதை நமது ஆற்றங்கரை ஊர்களின் கதையேயாகும்.

1943 அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியத் தற்காலிக சர்க்கார் ஸ்தாபிக்கப்பட்டது. சர்க்கார் என்றால் சேனை வேண்டும். சேனை என்றால் கற்றுத் தேர்ந்த அதிகாரிகள் வேண்டும். இக்காலத்தில் விமானிகளும் வேண்டும். இதனை உணர்ந்த நேதாஜி, மலேயா, பர்மா முதலிய இடங்களில் வாழ்ந்த இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளிலிருந்து 45 பேரைத் தேர்ந்து 1944-இல் ஜப்பானுக்கு அனுப்பினார். 35 பேர் ராணுவக் கல்லூரிக்கும், 10 பேர் ராணுவ விமானக் கல்லூரிக்கும் என்று பிரிக்கப்பட்டனர். அவர்களிலே தமிழர் இத்தனை பேர், வங்காளியர் இத்தனை பேர் என்று கணக்கிடுவது நமது நோக்கமன்று. இந்தியர் என்ற ஒரே பெயருடன் அவர்கள் சென்றார்கள்.

அவர்கள் அடைந்த சிரமங்களைச் சற்றே சிந்தித்துப் பார்க்க வேண்டும். விமானம் ஓட்டக் கற்பது தாய்மொழியிலேயே கடினம். இவர்களோ முதலில் ஜப்பானிய பாஷையைக் கற்று, பிறகு அப்பாஷையிலேயே பாடம் கேட்க வேண்டியிருந்தது. வெயில் நாட்டில் பிறந்து வளர்ந்த உடல் பனிக் காலத்தைத் தாங்க வேண்டியிருந்தது. 1944 நவம்பரில் நேதாஜி டோக்கியோவுக்கு வந்து அவர்களைத் தந்தைபோல் விசாரித்துச் சென்றார். அதற்குப் பின் நிலைமை நாளுக்கு நாள் மோசமாயிற்று. 1945 மார்ச்சு 9-ஆம் தேதி இரவு விழுந்த குண்டுகளால் டோக்கியோவில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனங்கள் மாண்டனர். விமானங்களுக்கு ஊற்ற எண்ணெய் இன்றிப் பைன் மரத்தின் வேரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்க முயன்றது ஜப்பான். இவர்கள் வயதையொத்த ஜப்பானிய வாலிபர்கள், திரும்பி வரும் எண்ணமே இன்றி எதிரிக் கப்பல்மீது விமானத்தோடு மோதி மடிய அனுப்பப்பட்டார்கள். ஆகஸ்டு 15-இல் ஜப்பான் சரணடைந்தது. 18-ஆம் தேதி நேதாஜி சென்ற விமானம் தைஹோக்குவில் விழுந்ததென்ற செய்தி வந்தது. ஆசானையும் தலைவரையும் ஒரே வாரத்தில் இழந்து, பயிற்சி பாதியில் நிற்க, அப்பிள்ளைகள் அந்நிய மண்ணில் அநாதைகளாயினர்.

இங்கே ஒரு கசப்பான உண்மையை மறைக்க நாம் விரும்பவில்லை. இவர்களுக்குக் கல்வியளித்த ஜப்பானே கொரியாவை அடிமைப்படுத்தியிருந்தது. சயாம்–பர்மா ரயில் பாதை போட மலேயாவிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரை இட்டுச் சென்று, பசிக்கும் காலராவுக்கும் பலி கொடுத்ததும் அதே ஜப்பான்தான். ஒரு தமிழன் பிள்ளை படைத் தலைவனாகலாம் என்று கதவைத் திறந்த கையே, இன்னொரு தமிழனைக் காட்டில் சாக விட்டது. இதற்காக அவ்வாலிபர்களைக் குறை கூறுவது தகுமா? தகாது. சொந்த வீட்டில் அடுப்பில்லாதவன் அயலான் அடுப்பில் சமைக்கிறான். குற்றம் அடுப்பை இடித்தவனுடையது.

இடித்தவன் யார்? பிரிட்டிஷ் சர்க்காரே. இந்தியருக்கு விமானப் பயிற்சி தர அது மனமுவந்து முன்வரவில்லை. ஸ்கீன் கமிட்டி சிபார்சு செய்த பிறகே இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரிக்குச் சில இந்திய வாலிபர்கள் அனுப்பப்பட்டனர். 1932 அக்டோபர் 8-இல் இந்திய விமானப்படை பிறந்தபோது விமானிகளாக இருந்தவர் ஐவரே. அவர்களில் இருவர் மறு வருஷமே விமான விபத்தில் மாண்டனர். எஞ்சியவருள் ஒருவரான சுப்ரோதோ முகர்ஜி 1954-இல் அப்படையின் முதல் இந்தியத் தளபதியானார். கிரான்வெல்லுக்குச் சென்றவர் அரசனின் பிரஜையாகக் கற்றார். டோக்கியோவுக்குச் சென்றவர் விருந்தினராகக் கற்றார். தன் நாட்டின் பிரஜையாகத் தன் மண்ணில் கற்கும் பாக்கியம் இருவருக்கும் இல்லை.

விடுதலைக்குப் பின் நமது சர்க்கார் இந்திய தேசிய ராணுவ வீரர்களை மீண்டும் ராணுவத்தில் சேர்த்துக் கொள்ளவில்லை. தியாகிகள் பென்ஷனும் 1972-இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை பேர் வறுமையில் மறைந்தார்களோ! எனினும் டோக்கியோவில் பயின்ற ரமேஷ் பெனகல் என்பார் இந்திய விமானப்படையில் சேர்ந்தார். 1971-ஆம் வருஷ யுத்தத்தில் எதிரியின் எல்லைக்குள் பறந்து படம் பிடித்து வந்ததற்காக மகாவீர் சக்கரம் பெற்றார். அந்நிய நாட்டில் பாதியில் நின்ற கல்வி, சொந்த நாட்டின் சேவையில் பூர்த்தியாயிற்று. இதனினும் சிறந்த சாட்சி வேறு என்ன வேண்டும்?

இன்று விமானப்படைக்குத் துண்டிகலில் கல்லூரி இருக்கிறது. விமானம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே தாம்பரத்தில் பள்ளி இருக்கிறது. 2016 முதல் பெண்களும் போர் விமானம் ஓட்டுகிறார்கள். ககன்யான் திட்டத்துக்காகச் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உள்ளிட்ட நால்வர் ருஷ்யாவுக்குச் சென்று பயின்று திரும்பினர். இவர்களும் வீட்டைவிட்டு வெகுதூரம் சென்றவர்களே. குளிரும் அந்நிய பாஷையும் இவர்களுக்கும் உண்டு. ஆனால் இவர்களை அனுப்பியது இவர்கள் நாடு. திரும்பி வந்தபோது வரவேற்றதும் இவர்கள் நாடு. சுதந்திரம் என்பதன் பொருள் இதுவே.

மணலூர்பேட்டை போன்ற ஊரில் ஒரு சிறுவன் ஆற்று மணலில் நின்று வானத்தில் செல்லும் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறான். அவனுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் செவ்வையாகக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் அவ்வூரில் இருக்கிறதா என்று கேட்பதே தேசபக்தர்களின் வேலை. மாலையும் கோஷமும் பிறகு ஆகட்டும். அந்த 45 பேருக்கும் நாம் பட்ட கடன் அப்படித்தான் தீரும்.

ஜெய் ஹிந்த்!