முகவரியும் இடமும்: 8051 நுண்கட்டுப்படுத்தியை முன்னிறுத்தி ஒரு நோக்கு

நுண்கட்டுப்படுத்திகள் பற்றிய பாடநூல்களிலே முகவரியிடல் முறைகள் இலக்கண வாய்பாடு போன்று மனனஞ் செய்வதற்கெனவே பெரும்பாலும் தரப்படுகின்றன. அவை ஏன் தோன்றின என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. இன்ரெல் நிறுவனம் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட 8051ஐ ஆராயின், அம்முறைகள் பொருளாயத நிலைமைகளின் விளைவுகளே என்பது புலனாகும்.

அச்சில்லினுள்ளே நிரலுக்கு 4096 பைற்றும் தரவுக்கு 128 பைற்றுமே இருந்தன. எனவே கட்டளையின் நீளமும் சிக்கனத்துக்குட்பட்டது. எட்டுப் பதிவகங்களுள் ஒன்றைச் சுட்டுவதற்கு மூன்று பிற்றுகள் போதுமாகையால், அதன் பெறுமானத்தைத் திரட்டிக்குக் கொணரும் கட்டளை ஒரே பைற்றில் அடங்கும். நேர்முகவரி முறையிலோ முகவரிக்கெனத் தனியே ஒரு பைற் வேண்டும். உடனடி முறை பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அங்கு பெறுமானம் கட்டளைக்குள்ளேயே உள்ளது.

சிக்கல் நேர்முகவரிக்கும் மறைமுகவரிக்கும் இடையிலேதான் எழுகின்றது. ஒரு பைற்றினால் 256 முகவரிகளையே குறிக்கலாம். 0 முதல் 127 வரையுள்ளவை தரவு நினைவகத்துக்கும், எஞ்சியவை துறைகள், நேரங்கணிப்பிகள் முதலியவற்றை ஆளும் சிறப்புப் பதிவகங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. 8052 என்னும் விரிவாக்க வடிவில் தரவு நினைவகம் 256 பைற்றாகப் பெருகியபோது, வழங்குவதற்கு எண்கள் மிஞ்சவில்லை. வடிவமைத்தோர் ஒரே எண்ணை இரண்டு இடங்களுக்கு வழங்கினர். கட்டளையிலே நேராக 144 என எழுதினால் அது 1ஆம் இலக்கத் துறை. அதே 144ஐப் பதிவகமொன்றில் இட்டு மறைமுகமாகச் சுட்டினால் அது சாதாரண நினைவகக் கலம். (இவ்வாறு சுட்டும் உரிமை முதலிரு பதிவகங்களுக்கே உண்டு.)

பலபொருளொருசொல்லை அறிந்த இலக்கண மாணவனுக்கு இது புதிதன்று. ஆயினும் ஒப்புமையை நீட்டுதல் தகாது: மொழியிலே கேட்போன் ஐயுறலாம், செயலி ஐயுறுவதில்லை. வெப்பநிலை அளவீடொன்றைச் சேமிப்பதாக எண்ணி 144இல் நேராக எழுதும் மாணவன், அத்துறையில் இணைக்கப்பட்ட மோட்டாரை இயக்கிவிடக்கூடும்.

அடுக்கு நினைவகம் எப்போதும் மறைமுகமாகவே அணுகப்படுவது. ஆதலால் 8052இல் அது 127ஐத் தாண்டியும் வளரலாம். 8051இலோ அவ்வெல்லைக்கப்பால் கலமே இல்லை. அங்கு இடப்படும் மீள்முகவரி இழக்கப்படும். துணைநிரல் முடிந்ததும் செயலி, தான் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாது.