ஒரே துலாக்கோல் வேண்டும்

வைத்தியப் பட்டம் பெற்ற நம் இளைஞர்களில் பலர் பிரிட்டனுக்குச் சென்று தொழில் நடத்த விரும்புகின்றனர். அவர்கள் கையிலுள்ள இந்தியப் பட்டம் அங்கே தானாகச் செல்லுபடியாவதில்லை. 'பிளாப்' என்னும் பரீட்சையில் தேறி டாக்டராகப் பதிவு பெறுவதே பெரும்பாலோர் செல்லும் வழி. இது நம் சர்வகலாசாலைகளுக்கு இழைக்கப்படும் அவமதிப்பு என்று சீறுவோர் நம்மிடையே உண்டு. அக்கூற்றை நாம் ஒப்பவில்லை. தன் ஜனங்களின் உயிரைப் பிறர் கையில் ஒப்புவிக்குமுன் அக்கையைச் சோதித்துப் பார்க்க எந்தத் தேசத்துக்கும் உரிமை உண்டு. ஆனால் அச்சோதனை நியாயமானதா என்று அறிய ஒரு கேள்வி உளது: உள்ளூராருக்கும் அயலாருக்கும் துலாக்கோல் ஒன்றுதானா?

இக்கேள்வி பழையது. நம் கல்லூரிகளில் பிரசவ சிகிச்சைப் பயிற்சி போதவில்லை என்ற குறையில் தொடங்கிய தகராறு முற்றி, 1930-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் வைத்தியக் கவுன்ஸில் இந்தியப் பட்டங்களுக்கு அளித்து வந்த அங்கீகாரத்தை நிறுத்தியது. நம் பட்டத்தின் தரத்தை நாமே நிர்ணயிக்க ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்ற எண்ணம் அதனால் வலுத்தது. 1933-ல் இந்திய வைத்தியக் கவுன்ஸில் சட்டம் பிறந்தது. பின்னர் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. 1948-ல் பிரிட்டன் தன் தேசிய சுகாதார சேவையை ஆரம்பித்த பின், உள்ளூர் டாக்டர்கள் போக விரும்பாத தொழில் நகரங்களில் நம்மவர் பல்லாண்டு உழைத்தனர். ஆயினும் 1975-ல் அங்கீகாரம் மறுபடியும் விலக்கப்பட்டது. அவ்வாண்டே அயல் நாட்டு டாக்டர்களுக்கென ஒரு பரீட்சை ஏற்பட்டது. இன்றைய 'பிளாப்' அதன் வழிவந்ததே.

அதன் முதற்பகுதியில் 3 மணி நேரத்தில் 180 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். இதை நம் நகரங்களிலேயே எழுதலாம். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் நகருக்கே போயாக வேண்டும். அங்கே நோயாளியாக நடிப்போர் முன் நின்று, நோயை விசாரிப்பது முதல் துக்கச் செய்தியைப் பக்குவமாகச் சொல்வது வரை யாவற்றையும் செய்து காட்ட வேண்டும். இரு பகுதிகளின் கட்டணமே 1,000 பவுனுக்கு மேற்படுகிறது. இங்கிலீஷ் பரீட்சையும் பிரயாணச் செலவும் தனி. கடன் வாங்கிச் செல்லும் குடும்பத்துக்கு இது சிறு சுமையன்று. தேறினாலும் உத்தியோகம் நிச்சயமில்லை. பதிவு பெற்றுவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மனுப் போட்டுக் காத்திருப்போர் உண்டு.

இத்தனைக்கும் பிரிட்டிஷ் மாணவர்கள் நெடுங்காலம் தத்தம் கல்லூரிகள் நடத்திய பரீட்சைகளை எழுதியே தொழிலில் இறங்கினர். 2024-25 கல்வியாண்டு முதல் அவர்களும் பொதுவான தகுதிப் பரீட்சையில் தேறியாக வேண்டும். 'பிளாப்' பரீட்சையும் அதே பாடத்திட்டத்தை அனுசரிக்கிறது. செய்முறைச் சோதனையை அவர்கள் தம் கல்லூரியிலேயே முடித்துவிட, நம்மவரோ மான்செஸ்டருக்குக் கப்பம் கட்டுவது போலப் போய்வர வேண்டியிருக்கிறது. ஆயினும் துலாக்கோல் சமமாகும் திசையில் ஓர் அடி வைக்கப்பட்டிருப்பதை நாம் மறுக்கமாட்டோம்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். அயல் நாடுகளில் வைத்தியம் படித்துத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு 2002 முதல் ஒரு பரீட்சை வைத்திருக்கிறோம். 300 வினாக்களில் 150-க்குச் சரியாக விடையளித்தால்தான் இங்கே தொழில் நடத்தலாம். ரஷ்யாவிலும் சீனத்திலும் பிலிப்பைன்ஸிலும் படித்தவர் இதை எழுதியாக வேண்டும். ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய 5 தேசங்களில் பட்டமும் மேற்பட்டமும் பெற்று அங்கே தொழிலுக்குத் தகுதியடைந்தவருக்கு விலக்கு! நம் பட்டத்தைத் தாமாக ஏற்காத பிரிட்டனின் பட்டங்களுக்கு நாம் நடைபாவாடை விரிக்கிறோம். இது எந்த நியாயம்? இங்கிலீஷ் பேசும் தேசத்துப் பட்டம் உயர்ந்தது என்ற பழைய அடிமைப் புத்தியின் மிச்சமல்லவா இது?

1933-ல் தோன்றிய சட்டம் போய், இன்று தேசிய வைத்தியக் கமிஷன் நடைபெறுகிறது. அதை அமைத்த 2019-ம் வருஷத்துச் சட்டம், இங்கே படித்தவருக்கும் வெளியே படித்தவருக்கும் 'நெக்ஸ்ட்' என்ற ஒரே பரீட்சையை விதித்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. கிராமத்து மாணவருக்கு அது மேலும் ஒரு பாரமாகும் என்று தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்சேபம் எழுந்திருக்கிறது. அந்த ஆட்சேபத்தில் பொருள் உண்டு. பரீட்சையின் அமைப்பைப் பற்றி வாதிக்கலாம். வாதித்தே தீர வேண்டும். ஆனால் 5 தேசங்களுக்கு மட்டும் காட்டும் சலுகையை நீக்குவதற்கு எந்த வாதமும் தடையாக நிற்கவில்லை. அதை நீக்கும்படி சர்க்காரை வற்புறுத்துவது ஊழியர்களின் உடனடிக் கடமையாகும்.

மான்செஸ்டரில் சம நீதி கோருகிறவன் முதலில் தன் வாசலில் அதை நிலைநாட்ட வேண்டும். நம் துலாக்கோல் நேராக நின்றால்தான் பிறர் துலாக்கோலின் சாய்வைச் சுட்டிக் காட்டும் யோக்கியதை நமக்கு உண்டாகும்.